வலிக்காத கட்டி

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையம் தாம்பரம் சானடோரியம். நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும்தான் காசநோய்க்கு மருந்து என்றிருந்த காலத்தில், 1928-ல், டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

தாம்பரத்துக்கு வருவதற்கு முன்பு சௌரி முத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இதே போன்ற ஒரு சானடோரியத்தை நடத்திவந்தார். 1917-ல் அங்கே அவரிடம் வந்து தங்கிய நோயாளிகளில் ஒருவர், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த கும்பகோணத்து இளைஞர். கணித மேதை ராமானுஜன்தான் அவர். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இளைத்துக்கொண்டே போகும் உடம்பு, வயிற்று வலி. ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொன்று சொன்னார். கடைசியில் காசநோய் என்ற முடிவே நிலைத்தது.

அவரைப் பார்த்தவர்களில் லண்டன் மருத்துவர் பேட்டி ஷா மட்டும், மற்றவர்கள் அறியாத ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ராமானுஜனுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 1910 ஜனவரியில் விரைப்பை வீங்கி, குடும்பத்தில் பணமில்லாத நிலையில், ஒரு மருத்துவர் காசு வாங்காமல் அதைச் செய்து கொடுத்திருந்தார். ஹைட்ரோசீல், அதாவது விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். பேட்டி ஷாவுக்கு வேறு சந்தேகம். அன்று நீக்கியது ஒருவேளை புற்றுக்கட்டியாக இருந்து, அதை நீர்க்கட்டு என்று தவறாக எண்ணிவிட்டார்களோ? இப்போது வயிற்றுக்குள் இருப்பது அதன் மிச்சமோ?

1918-ன் இறுதியில், ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த பேராசிரியர் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சந்தேகம் பதிவாகியிருக்கிறது. அதை பேட்டி ஷா கைவிட்ட காரணமும் அங்கேயே இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் ராமானுஜனின் நிலை மோசமாகியிருக்கவில்லை. ராமானுஜன் 1920 ஏப்ரலில் சென்னையில் காலமானார். 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளையெல்லாம் மறுபடி படித்து, அது காசநோயாகவும் இருந்திருக்காது, அமீபா கிருமி கல்லீரலைத் தாக்கியதால் வந்த நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

பேட்டி ஷாவின் முடிவு சரியாக இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அவர் சந்தேகப்பட்ட விதம் அப்பழுக்கில்லாதது. இளம் வயது ஆண், விரைப்பையில் ஒரு வீக்கம், பிறகு அதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல வயிற்றிலோ நெஞ்சிலோ ஒரு தொல்லை. விரைப் புற்றுநோயை இன்றும் இப்படித்தான் சந்தேகிக்கிறார்கள். அதைவிட முக்கியம், அவர் சந்தேகத்தைக் கைவிட்ட விதம். இந்தப் புற்று ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருக்காது. சில வகைக் கட்டிகள் ஒரே மாதத்துக்குள் இரு மடங்காகிவிடும். நம் ஊரில் விரை வீக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் நிறைய, பெரும்பாலும் அவை உண்மையும்கூட. அந்தக் காரணங்கள் எத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும் என்பதுதான் கேள்வி.

முதலில், இந்த நோய் எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துவிடலாம். உலகம் முழுவதும் 2020-ல் இந்தப் புற்று புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். நார்வே, டென்மார்க் நாடுகளில் லட்சம் ஆண்களுக்கு ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில் வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. பத்து லட்சம் பேர் வாழும் ஒரு புறநகர் வட்டாரத்தில் ஆண்கள் ஐந்து லட்சம் என்று கொண்டால், ஆண்டுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவர் தன் வாழ்நாளில் ஒரே ஒருவரைப் பார்த்தால் அதிகம். நோயாளிக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் இது சட்டென்று நினைவுக்கு வராது.

சென்னையின் புற்றுநோய்க் கணக்கை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து ஒரு பதிவேட்டில் எழுதிவருகிறது. ஆனால் அது மாநகருக்கான பதிவேடு. அன்று செங்கல்பட்டுப் பக்கம் இருந்த தாம்பரமும் பல்லாவரமும் அதற்கு வெளியே. மாநிலம் முழுவதையும் சேர்க்கும் பதிவேட்டுத் திட்டம் 2012-ல்தான் வந்தது.

வயதுதான் இந்த நோயின் விசித்திரம். மற்ற புற்றுகளில் பெரும்பாலானவை வயதானவர்களைத் தேடிப் போக, இது 15 வயதிலிருந்து 35, 40 வயதுவரை உள்ளவர்களைப் பிடிக்கிறது. கல்லூரியில் படிப்பவன், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிஃப்ட் பார்ப்பவன், பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவன், கல்யாணமாகி ஒரு வருடம் ஆனவன். தனக்குப் புற்றுநோய் வரும் என்று நினைக்கவே காரணமில்லாத வயது.

ஏன் அந்த வயதில்? இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இனச்செல்களிலிருந்து பிறப்பவை. பின்னாளில் விந்தணுவாக வேண்டிய செல்கள் அவை. தாயின் கருப்பையில் இருக்கும்போதே அவற்றில் சில முதிர வேண்டிய கட்டத்தில் முதிராமல் நின்றுவிடுகின்றன. பிறகு பதினைந்து, இருபது ஆண்டுகள் அப்படியே கிடந்து, பருவ வயதின் ஹார்மோன் வெள்ளத்தில் விழித்துக்கொள்கின்றன. இந்த முன்நிலைச் செல்களை 1972-ல் முதன்முதலில் அடையாளம் காட்டியவர் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கபெக். பின்லாந்தில் இந்தப் புற்று குறைவு, ஸ்வீடனில் அதிகம். பின்லாந்திலிருந்து ஸ்வீடனுக்குக் குடிபோன ஆண்கள் தங்கள் பழைய குறைந்த ஆபத்தையே கொண்டுபோனார்கள். அங்கே அவர்களுக்குப் பிறந்த மகன்களோ ஸ்வீடன்காரர்களின் ஆபத்தைப் பெற்றார்கள். விதைக்கப்படுவது கருவிலேயே என்பதற்கு இது நல்ல சாட்சி.

இதனால் ஒரு நிம்மதியும் உண்டு. பைக் ஓட்டியதால் வந்தது, இறுக்கமான ஜீன்ஸால் வந்தது, பாக்கெட்டில் செல்போன் வைத்ததால், மடியில் லேப்டாப் வைத்ததால், சுய இன்பத்தால் வந்தது என்று சொல்வதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. கிரிக்கெட் பந்து பட்டதால் வந்ததாகப் பலர் சொல்வார்கள். அடிபட்டதால் அங்கே கை போயிருக்கும், ஏற்கெனவே இருந்த கட்டி தட்டுப்பட்டிருக்கும். அவ்வளவுதான்.

ஆபத்தைக் கூட்டுபவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. அண்ணன் தம்பிக்கோ அப்பாவுக்கோ இந்தப் புற்று வந்திருப்பது. ஒரு பக்கம் ஏற்கெனவே வந்திருப்பது. எச்.ஐ.வி. தொற்று இருப்பது ஆபத்தைச் சற்றே கூட்டும். எல்லாவற்றிலும் நம் ஊருக்கு முக்கியமானது, விரைப்பைக்குள் இறங்காத விரை.

கருவில் விரைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகங்களின் பக்கத்தில். பிறப்பதற்குச் சற்று முன்புதான் அவை கீழே இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஏதாவது ஒரு பக்கம் இறங்காமலிருக்கும். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். ஒரு வயதில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் மிஞ்சும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிக்கு இது மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடும். வளர வளரச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவதில்தான் பிழை. ஆறு மாதம் ஆகியும் இறங்காததை ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கிப் பொருத்துவது இன்றைய முறை. அப்படிச் செய்தால் புற்று ஆபத்து குறைகிறது. பின்னாளில் கட்டி வந்தாலும் கைக்குத் தட்டுப்படும் இடத்தில் இருக்கும். செய்யாமல் விட்டவர்களுக்கு அது வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து பெரிதாகும்வரை தெரியாது. காவல்துறைக்கோ, ராணுவத்துக்கோ, தாம்பரம் விமானப்படைத் தளத்தில் நடக்கும் ஆள்தேர்வுக்கோ போய், உடற்தகுதிச் சோதனையில்தான் தனக்கு ஒரு பக்கம் விரை இல்லை என்பதை முதன்முதலில் கேள்விப்படும் இளைஞர்கள் உண்டு. வேலை போச்சே என்று திரும்பி வருபவனிடம், வேலையைவிட இதை முதலில் கவனி என்று யாராவது சொல்ல வேண்டும்.

இனி, கைக்கு என்ன தெரியும் என்பது. வெந்நீரில் குளித்த பிறகு விரைப்பை தளர்ந்திருக்கும். விரையை இரண்டு கைவிரல்களுக்கும் நடுவில் மெல்ல உருட்டிப் பார்த்தால் வழுவழுப்பாக, சற்றே அழுந்தக்கூடியதாக இருக்கும். பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு மெத்தென்ற மேடு தட்டுப்படும். அது விந்து நாளங்கள் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ்; எல்லோருக்கும் உண்டு. அதைக் கட்டி என்று நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம். ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து தொங்கலாம். இவை இயல்பு.

சந்தேகத்துக்குரியது விரைக்குள்ளேயே, பெரும்பாலும் முன்புறமோ பக்கவாட்டிலோ தட்டுப்படும் கெட்டியான முண்டு. கெட்டி என்றால் எவ்வளவு? உதட்டைத் தொட்டுப் பாருங்கள், பிறகு மூக்கு நுனியை, பிறகு நெற்றியை. இயல்பான விரை மூக்கு நுனிக்கு இந்தப் பக்கம் இருக்கும். கட்டி நெற்றிக்குக் கிட்டத்தில் இருக்கும். பட்டாணி அளவில் தொடங்கலாம். சிலருக்கு முண்டாகத் தெரியாது, விரை முழுவதுமே பெரிதாகிக் கனத்துப்போயிருக்கும். அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ ஒரு மந்தமான இழுப்பு. அபூர்வமாகச் சிலருக்கு விரை சுருங்கியும் போகும்.

பெரும்பாலும் வலி இருக்காது. இதுதான் ஏமாற்றுவது. வலித்தால்தான் நோய் என்ற கணக்கில் வாழ்பவர்கள் நாம். அதே சமயம் வலி இருந்தால் புற்றில்லை என்றும் சொல்ல முடியாது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கட்டிக்குள் ரத்தம் கசிந்து கடும் வலி வரும். திடீரென்று உயிர்போகும் வலியும் வாந்தியும் வந்தால் அது வேறு கதை. விரை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விரையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு; இரவென்றும் பாராமல் ஓட வேண்டியது அதற்கு.

*

மூலம், பௌத்திரம், விரைவீக்கம். இந்த மூன்றையும் வரிசையாக அச்சிட்ட சுவரொட்டியை மின்சார ரயில் பெட்டியிலோ ஸ்டேஷன் சுவரிலோ பார்க்காத புறநகர்வாசி இருக்க மாட்டார். ஆபரேஷன் இல்லாமல் குணம், லாட்ஜ் பெயர், மாதத்தில் எந்தக் கிழமை என்ற விவரத்தோடு. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை ஊரறியச் சொன்னது அந்தச் சுவரொட்டிதான் என்பதால், வீங்கியவன் அங்கே போவதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவனை அங்கே அனுப்பியது கூச்சம். அதற்கு முன்னால் இன்னொரு இடம் உண்டு, தெருமுனை மெடிக்கல் ஷாப். "அண்ணே, நரம்பு இழுத்துக்கிச்சு போல, கீழ வீங்கியிருக்கு. மாத்திரை ஏதாவது குடுங்க." ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக், கூடவே வலிமாத்திரை. கட்டியிலும் வலி இருந்திருந்தால் வலிமாத்திரையில் அது குறையும். குறைந்ததும் விஷயம் முடிந்தது என்று தோன்றிவிடும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக விரைவீக்கம் என்றாலே யானைக்கால் கிருமிதான். தேங்கிய சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் ஃபைலேரியா புழுக்கள் கால்களை மட்டுமல்ல, ஆண்களின் விரைப்பையையும் வீங்கவைக்கும். அந்தக் கிருமி ரத்தத்தில் இரவில்தான் நடமாடும் என்பதால், இருட்டிய பிறகு வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்துப்போன ஊழியர்களைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். தாத்தாவுக்கு இருந்தது, மாமாவுக்கு இருந்தது, ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தக் காலத்து அனுபவம். அந்த நோய் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது, அனுபவம் மட்டும் குடும்பங்களில் மிஞ்சியிருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. யானைக்காலுக்கான டி.இ.சி. மாத்திரை அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் உருவானது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அதே ஆய்வகத்தில் அவர் காலத்தில் உருவான இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். 1950-களில் கர்ப்பத்தையொட்டி வரும் ஒரு கொடிய புற்றை அது குணப்படுத்தியது. 1960-ல் மின் சியூ லீ என்ற மருத்துவர், அதை உள்ளடக்கிய கூட்டு மருந்தால் பரவிய விரைப் புற்றும் சுருங்குவதைக் காட்டினார். நீர்க்கட்டுக்குக் காரணமான புழுவுக்கும், நீர்க்கட்டு என்று தவறாக எண்ணப்படும் புற்றுக்கும் எதிராக ஒரே மனிதரின் ஆய்வகத்திலிருந்து மருந்துகள் வந்தன. சுப்பாராவுக்குச் சென்னையில் இன்னும் பெரிய நினைவிடம் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

நீர்க்கட்டையும் கட்டியையும் பிரித்தறிய மருத்துவர்கள் ஒரு விளக்கை வைத்துப் பார்ப்பார்கள். இருட்டறையில் வீக்கத்தின் பின்னாலிருந்து டார்ச் அடித்தால், நீர் என்றால் செக்கச்செவேலென்று ஒளி ஊடுருவும். திடக்கட்டி இருட்டாக நிற்கும். செல்போனிலேயே டார்ச் இருக்கிறதே என்று வீட்டில் முயன்று பார்த்து, ஒளி தெரிகிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. சிலருக்குக் கட்டியைச் சுற்றியே நீர் கோத்துக்கொள்ளும். வெளியே நீர் ஒளிரும், உள்ளே கட்டி மறைந்திருக்கும். இளவயதில் புதிதாக வந்த எந்த நீர்க்கட்டுக்கும் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்ற விதி இதனால்தான். விரைப்பை ஸ்கேனுக்கு ஊசி இல்லை, வெறும் வயிறு தேவையில்லை, கதிர்வீச்சும் கிடையாது. குளிர்ந்த ஜெல்லும் கொஞ்சம் கூச்சமும்தான்.

*

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். அது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் விரையில் புற்று என்றால் தொடை இடுக்கில்தானே நெறி கட்ட வேண்டும்? கட்டாது. விரை சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் பிறந்து கீழே இறங்கியபோது தன் ரத்தக் குழாய்களையும் நிணநீர்ப் பாதைகளையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. ஆகவே அதன் நெறி கட்டுவது பிறந்த வீட்டில், வயிற்றின் பின்சுவரில், முதுகெலும்பை ஒட்டி. யார் கைக்கும் அங்கே எட்டாது. அது பெரிதாகும்போது தெரிவது முதுகு வலியாகத்தான். பைக்கில் நாளெல்லாம் அலைபவனும் நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவனும் முதுகு வலி என்றால் யார் என்ன நினைப்பார்கள்? தைலம் தடவி, எலும்பு டாக்டரிடம் போய், எக்ஸ்-ரே எடுத்து, பெல்ட் வாங்கிக் கட்டிக்கொள்வான். இருபத்தைந்து வயதில் ஓய்வெடுத்தாலும் தீராத, இரவில் கூடும் முதுகு வலியோடு வருபவனின் விரைப்பையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல மருத்துவரின் பழக்கம்.

இன்னொரு விநோத அறிகுறி மார்பில் தோன்றும். சில கட்டிகள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று வீட்டில் பார்க்கும் அட்டை கண்டுபிடிப்பதும் இதைத்தான். அது ஓர் ஆணின் உடலில் பெருகும்போது மார்புக் காம்புகளுக்குப் பின்னால் வலியும் வீக்கமும் வரலாம். பருவ வயதுப் பையன்களுக்கு மார்பு சற்றுத் தடிப்பது இயல்பு. இருபதைத் தாண்டியவனுக்குப் புதிதாக வந்தால் காரணம் தேட வேண்டும்.

அடுத்து நெஞ்சு. ரத்தத்தில் பரவும் கட்டி நுரையீரலில் போய்த் தங்கும். இருமல், மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், எடை குறைவு, கழுத்தின் அடியில் இடது பக்கம் ஒரு கட்டி. இந்த வரிசையைக் கேட்டதும் சானடோரியத்துக்குப் பக்கத்தில் வாழும் யாருக்கும் மனதில் வருவது டிபி. காசநோய் நிறைந்த நாட்டில் அப்படி நினைப்பது நியாயம். குழப்பம் இன்னும் ஆழமானது: காசநோய் எபிடிடிமிஸையும் தாக்கும்; விரைப்பையில் வலியில்லாத கெட்டி முண்டாகவே வரும். ஒரே ஆளுக்கு நெஞ்சில் நிழலும் விரைப்பையில் முண்டும் இருந்தால் இரண்டுக்கும் காசநோய் என்ற ஒரே விடை அழகாகப் பொருந்திவிடும். பொருந்தும் விடையை யார் சந்தேகிப்பார்கள்? சளியில் கிருமி காணப்படவில்லை, மருந்து தொடங்கியும் நிழல் குறையவில்லை, முண்டு வளர்கிறது என்றால் அந்த விடையின் தவணை முடிந்துவிட்டது. ரத்தத்தில் ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் விஷயத்தைப் பெரும்பாலும் தெளிவாக்கிவிடும்.

சென்னை ரசிகர்கள் நேரில் பார்த்தும் புரியாமல் போன ஒரு காட்சி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 2011 மார்ச் 20, சேப்பாக்கம், உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஆட்டம். யுவராஜ் சிங் 113 ஓட்டங்கள் எடுத்தார். நடுவே மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். சென்னை வெயிலின் வேலை என்று நினைத்ததாக அவரே பின்னர் சொன்னார். அந்தத் தொடர் முழுவதும் இருமலும் மூச்சுத்திணறலும் அவரைத் துரத்தின. கடைசியில் தெரிந்தது, இரண்டு நுரையீரல்களுக்கு நடுவே செமினோமா என்ற கட்டி. அவருக்கு விரையில் புற்று இல்லை. ஆனால் செமினோமா விரையில் வரும் அதே இனச்செல் கட்டிதான். கருவில் இனச்செல்கள் உடலின் நடுக்கோட்டை ஒட்டி நீண்ட பயணம் செய்தே விரைக்குப் போய்ச் சேர்கின்றன. வழியில் தங்கிவிடும் சில, நெஞ்சுக்குள் இப்படிக் கட்டியாகக்கூடும். 2012-ல் இண்டியானாபொலிஸில் அவருக்குச் சிகிச்சைக்கு வழிகாட்டியவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன். அதே ஆண்டு செப்டம்பர் 11-ல் நியூசிலாந்துக்கு எதிரான டி20 ஆட்டத்தில், மறுபடியும் சேப்பாக்கத்தில், மட்டையோடு இறங்கினார் யுவராஜ்.

ஐன்ஹார்னின் பெயரை இந்தத் துறையில் யாரும் தவிர்க்க முடியாது. 1960-களில் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் போய், மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் செல் பிரிவதையே நிறுத்துவதைக் கண்டார். சிஸ்பிளாட்டின் பிறந்தது அப்படி. 1974-ல் ஐன்ஹார்ன் அதை வேறிரண்டு மருந்துகளோடு சேர்த்து, நுரையீரல் வரை பரவிய விரைப் புற்றுள்ள ஓர் இளைஞனுக்குக் கொடுத்தார். கட்டிகள் மறைந்தன. இன்று நன்கு சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இந்தப் புற்று வந்தவர்களில் 95 விழுக்காட்டினர் பிழைக்கிறார்கள். பரவிய பிறகும் முழுக்கக் குணமாக்கக்கூடிய திடக்கட்டிகள் மிகச் சில. இது அவற்றில் முதன்மையானது. மருந்துக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இந்தியாவிலேயே தயாராகிறது. நம் ஊரில் இந்தப் புற்றால் ஓர் உயிர் போனால், தாமதத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அதற்காக எல்லா ஆண்களும் மாதம் ஒருமுறை தடவிப் பார்த்துக் கணக்கு வைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மேலைநாட்டு விழிப்புணர்வு அட்டைகளை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டுகிறார்கள். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவே 2011-ல், அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. இவ்வளவு அபூர்வமான நோய்க்கு அப்படித் தேடினால் பயம்தான் பெருகும். தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும், மாற்றம் தானாகத் தெரியும். தெரிந்த பிறகு எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதற்குத்தான் கணக்கு வேண்டும். தொற்று என்று மாத்திரை சாப்பிட்டு இரண்டு வாரத்தில் முழுக்க வடியாத வீக்கத்துக்கு ஸ்கேன். கெட்டி முண்டு என்றால் அந்த இரண்டு வாரமும் வேண்டாம், அதே வாரத்தில் ஸ்கேன். அறுபது வயதுக்கு மேல் வந்தாலும் அலட்சியம் கூடாது. அந்த வயதில் லிம்ஃபோமா என்ற வேறு புற்று அங்கே தலைகாட்டும்.

எங்கே போவது? குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னைக்குள் ராயப்பேட்டை, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிறுவனம். "ஆம்பள டாக்டர் இருக்காரா?" என்று ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் கேட்பதில் தவறில்லை. சீட்டில் முதுகு வலி என்று எழுதிவிட்டு உள்ளே போய் முழுங்கி முழுங்கிப் பேசுவதைவிட அது மேல். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போகலாம்.

கட்டி என்று ஸ்கேன் சொன்னால், ஒன்றில் மட்டும் நோயாளி உறுதியாக நிற்க வேண்டும். விரைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுக்கவோ, அங்கே கீறித் திறக்கவோ சம்மதிக்கக் கூடாது. மார்பிலோ கழுத்திலோ கட்டி வந்தால் ஊசியால்தான் சோதிக்கிறார்கள் என்பதால் இங்கேயும் அதுவே சரி என்று தோன்றும். விரைப்பைத் தோலின் நிணநீர் போவது தொடை இடுக்குக்கு, விரையின் நிணநீர் போவது வயிற்றுக்குள். ஊசி குத்தினால் புற்றுச் செல்களுக்கு ஒரு புதிய பாதையைத் திறந்துவிட்டதாகிவிடும். தொடை இடுக்குக்கு மேலே கீறி, விரையின் தண்டை முதலில் கட்டிவிட்டு, முழு விரையையும் மேல்வழியாக வெளியே எடுப்பதே முறை. நீர்க்கட்டு என்று நினைத்து ஸ்கேன் இல்லாமலேயே விரைப்பையைக் கீறி, உள்ளே கட்டியைக் கண்டு திகைப்பது இன்னும் நடக்கிற பிழை.

ஒரு விரை போதும், ஆண்மைக்கும் குழந்தைக்கும். இதை டாக்டர் சொல்லும்போது பக்கத்தில் பெரும்பாலும் அம்மா உட்கார்ந்திருப்பார். கீமோதெரபி விந்தணு உற்பத்தியை ஒன்றிரண்டு ஆண்டுகள் முடக்கிவிடலாம். சிலருக்கு அது திரும்புவதே இல்லை. அதனால் முதல் டிரிப் ஏறுவதற்கு முன்பே விந்தணுவை உறைநிலையில் சேமித்துவைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கல்யாணமாகாத பையன் அம்மாவைப் பார்ப்பான், தரையைப் பார்ப்பான், வேண்டாம் சார் என்பான். அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால் பதில் பல சமயம் மாறும்.